வேலையைப் பறிக்கும் ஒரு சிறு கோடு!

ரெயில்வே, வங்கித் தேர்வுகளில் சமன்பாட்டுக் கணக்கு மார்க் எங்கே போகிறது?

ஒரு காலம் இருந்தது. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹயர் இரண்டும் பாஸ் செய்து, சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, தகரப் பெட்டியுடன் பம்பாய் ரெயிலில் ஏறினால் போதும். கோட்டைப் பகுதியில் ஏதாவது ஒரு கம்பெனியில் தமிழ் இளைஞருக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிடும். மாதுங்காவில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கி, மெஸ்சில் சாப்பிட்டு, மாதம் பிறந்ததும் ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

அந்த வாசல் இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும், பின்னால் ஊரிலிருந்து வந்தவர்களும் நம்பியிருப்பது வேறொரு வாசலை. அதுதான் போட்டித் தேர்வு. கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். கேள்விக்கு நான்கு விடைகள் இருக்கும். சரியானதைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில்தான் பலருடைய வேலை போகிறது!

350 பேருக்கு ஓர் இடம்

2019-ம் ஆண்டில் டிக்கெட் குமாஸ்தா, ஜூனியர் குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் போன்ற ‘என்.டி.பி.சி.’ உத்தியோகங்களுக்கு ரெயில்வே தேர்வு வாரியங்கள் ஆள் எடுப்பதாக அறிவித்தன. இடங்கள் சுமார் 35 ஆயிரம். விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் 1¼ கோடி பேர். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல்!

இந்தத் தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள். நேரம் 90 நிமிடம். பொது அறிவு 40, கணக்கு 30, பகுத்தறியும் திறன் 30. சரியான விடைக்கு ஒரு மார்க். தவறான விடைக்கு, கிடைத்த மார்க்கிலிருந்து 3-ல் ஒரு பங்கு வெட்டப்படும். 2024-ல் வந்த அறிவிப்பிலும் இதே முறைதான்.

பத்தாவது பாஸ் செய்தவர்கள் எழுதும் ‘லெவல்-1’ தேர்வில் (‘குரூப் டி’ என்றால் எல்லாருக்கும் தெரியும்) 25 கணக்குகள். வங்கி குமாஸ்தா முதல்நிலைத் தேர்வில் 35 கணக்குகளுக்கு 20 நிமிடம்தான். அங்கே தவறுக்குக் கால் மார்க் வெட்டு.

ரெயில்வே தேர்வில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 54 விநாடி கிடைக்கிறது. கால்குலேட்டர் கிடையாது. பாடத்திட்டத்தில் ‘எளிய இயற்கணிதம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. வயதுக் கணக்கு, வட்டிக் கணக்கு, விகிதம், லாப நஷ்டம் ஆகிய எதைத் தொட்டாலும் கடைசியில் ஒரு சமன்பாட்டில்தான் போய் முடியும்.

தெரிந்த கணக்கில் போன மார்க்

சயான் பகுதியில் வசிக்கும் ஓர் இளைஞருக்கு வயது 31. தகப்பனார் நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். தாயார் காலையில் இட்லி வியாபாரம் செய்கிறார். இளைஞர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, இரவுக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். வயது வரம்பு நெருங்குகிறது. கடைசியாக எழுதிய தேர்வில் ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் இடம் தவறிவிட்டது.

தேர்வு முடிந்த பின், ஒவ்வொருவரும் தாம் கொடுத்த விடையையும் சரியான விடையையும் இணையத்தில் பார்க்க ரெயில்வே வாரியம் வழி செய்திருக்கிறது. பலர் மொத்த மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இவர் அதைக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தார்.

30 கணக்குகளில் அவர் தொட்டது 24. சரி 18, தவறு 6. ஆக 18-லிருந்து 2 போய், கிடைத்தது 16 மார்க்.

அந்த ஆறு தவறுகளில் இரண்டுதான் உண்மையிலேயே தெரியாத கணக்குகள். மற்ற நான்கும் அவருக்குத் தெரிந்தவை. வீட்டில் பேனாவைப் பிடித்து நிதானமாகப் போட்டபோது நான்கும் சரியாக வந்தன. நான்கும் சமன்பாட்டுக் கணக்குகள்!

அந்த நான்கும் சரியாக இருந்திருந்தால் 22 சரி, 2 தவறு. மார்க் 21⅓. அதாவது தெரிந்த கணக்கிலேயே 5⅓ மார்க் போயிருக்கிறது. இடம் தவறியதோ ஒரு மார்க்குக்கும் குறைவில்.

அவர் விழுந்த நான்கு பள்ளங்களும் எல்லாரும் விழுகிற பள்ளங்கள்தான். ஒவ்வொன்றையும் எளிய எண்களில் பார்க்கலாம். தெரியாத எண்ணைப் பரீட்சையில் ‘எக்ஸ்’ என்பார்கள். இங்கே அதை ‘ப’ என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பள்ளம்: பக்கம் மாறும் குறி

5ப − 9 = 2ப + 12

இதைப் பார்த்ததும் கை தானாக எழுதத் தொடங்கிவிடுகிறது. “அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனசாகும், மைனஸ் பிளசாகும்” என்பது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு. அவசரத்தில் ஓர் எண்ணுக்குக் குறி மாறும், இன்னொன்றுக்கு மாறாது.

சரியாகப் போட்டால் 3ப = 21. ஆகவே ப = 7.

9-க்குக் குறி மாற்ற மறந்தால் 3ப = 3. விடை 1.

2ப-வுக்குக் குறி மாற்ற மறந்தால் 7ப = 21. விடை 3.

இரண்டுக்கும் மறந்தால் 7ப = 3. விடை 3/7.

இப்போது கேள்வித்தாளைப் பாருங்கள். கீழே தரப்பட்டிருக்கும் நான்கு விடைகள் என்னவாக இருக்கும்? 1, 3, 7, 3/7!

முக்கியமான விஷயம் இதுதான். கேள்வி தயாரிப்பவர் தவறான விடைகளைக் குருட்டுத்தனமாக எழுதுவதில்லை. எழுதுகிறவர் எங்கெங்கே தவறுவார் என்று பார்த்து, அந்தத் தவறுகளின் விடைகளையே பட்டியலில் வைக்கிறார். அதனால் தவறாகப் போட்டவருக்கும் தம் விடை அங்கே தென்படுகிறது. “விடை பட்டியலில் இருக்கிறதே, அப்படியானால் சரிதான்” என்று மகிழ்ந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பட்டியலில் இருப்பது சரி என்பதற்கு அத்தாட்சி அல்ல.

இட்லிக் கடைக் கணக்கு

குறி ஏன் மாறுகிறது? இதை அந்த இளைஞருக்குப் புரிய வைத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய தாயார்தான்.

“அம்மா, ஒரு தட்டு 30 ரூபாய். போட்ட முதல் 900. கையில 600 மிச்சம் நிக்கணும்னா எத்தனை தட்டு விக்கணும்?” என்று ஒரு நாள் கேட்டார்.

அம்மா மாவு கரைப்பதை நிறுத்தவில்லை. “போட்ட 900-ஐ முதல்ல எடுக்கணும். அதுக்கு மேல 600 நிக்கணும். ஆக 1,500 கைக்கு வரணும்லா? அம்பது தட்டு போகணும்ல!”

காகிதத்தில் எழுதினால் இதுதான்:

30ப − 900 = 600

30ப = 600 + 900 = 1,500

ப = 50

தாயார் எந்தக் குறியையும் ‘மாற்றவில்லை’. கழிந்துபோன 900-ஐத் திரும்பக் கூட்டினார். இடப் பக்கம் 900 கூட்டினால் வலப் பக்கமும் 900 கூட்ட வேண்டும். இடப் பக்கம் −900-ம் +900-ம் அடிபட்டுப் போகின்றன. வலப் பக்கம் +900 நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு 900 தாவிப் போய்க் குறி மாறியது போல் தெரிகிறது. உண்மையில் எதுவும் தாவவில்லை.

பலசரக்குக் கடைத் தராசும் இப்படித்தான். இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது ஒரு தட்டில் ஒரு படிக்கல் வைத்தால் அடுத்த தட்டிலும் அதே எடையை வைத்தாக வேண்டும். ஒன்றில் பாதி எடுத்தால் மற்றதிலும் பாதி எடுத்தாக வேண்டும்.

‘அல்ஜீப்ரா’ என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். 9-ம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் இருந்த அல்குவாரிஸ்மி என்ற அறிஞர் எழுதிய நூலின் பெயரில் ‘அல்-ஜபர்’ என்ற அரபுச் சொல் இருக்கிறது. குறைந்ததைத் திருப்பி நிறைவு செய்வது என்று அதற்குப் பொருள். முறிந்த எலும்பைக் கூட்டி வைப்பதற்கும் அதே சொல்தான். இட்லிக் கடைத் தாயார் 900-ஐத் திருப்பிக் கூட்டினாரே, அதுதான் அல்-ஜபர்!

‘சமம்’ என்பதற்கு நாம் போடும் இரட்டைக் கோட்டை 1557-ல் அச்சில் கொண்டு வந்தவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு. ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு எது என்பது அவர் சொன்ன காரணம். அந்த இரட்டைக் கோட்டைத் தராசின் முள்ளாக நினைப்பவருக்குக் குறி தவறாது.

இரண்டாவது பள்ளம்: அடைப்புக்குறிக்கு முன் மைனஸ்

4ப − 3(ப − 5) = 22

இங்கே பலர் 4ப − 3ப − 15 = 22 என்று எழுதி 37 என்பார்கள். வேறு சிலர் 3-ஐ முதல் உறுப்போடு மட்டும் பெருக்கி 4ப − 3ப − 5 = 22 என்று எழுதி 27 என்பார்கள். இரண்டும் பட்டியலில் இருக்கும்.

சரியானது 4ப − 3ப + 15 = 22. ஆகவே ப = 7.

மைனசும் மைனசும் சேர்ந்தால் பிளஸ் என்பது மந்திரம் அல்ல. கழிக்க வேண்டியது முழு ‘ப’ அல்ல, 5 குறைந்த ‘ப’. அதை மூன்று தடவை கழிக்க வேண்டும். முழு ‘ப’-வையே மூன்று தடவை கழித்துவிட்டால் 15 அதிகமாகக் கழித்துவிட்டோம் என்று அர்த்தம். அதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அதுதான் +15.

கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் தம் நூலில் இந்த விதிகளைச் சொத்து, கடன் என்ற சொற்களைக் கொண்டே விளக்கினார். கடனை நீக்குவது சொத்து சேர்வதற்குச் சமம். மாதக் கடைசியில் மளிகைப் பாக்கியைத் தீர்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது தெரிந்த நியாயம்தான்.

அடைப்புக்குறியைப் பிரிப்பதற்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். பிரிப்பதையும் பக்கம் மாற்றுவதையும் ஒரே வரியில் செய்பவர்தான் வழுக்கி விழுகிறார்.

மூன்றாவது பள்ளம்: பின்னம்

ப/2 − 3 = ப/5 + 6

இரண்டு, ஐந்து இரண்டுக்கும் மீ.பொ.ம. 10. எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் பின்னம் மறைந்துவிடும். இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெருக்கும்போது பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு, தனியாக நிற்கும் 3-ஐயும் 6-ஐயும் விட்டுவிடுகிறார்கள்.

5ப − 3 = 2ப + 6 என்று எழுதினால் விடை 3. தவறு.

5ப − 30 = 2ப + 60 என்று எழுத வேண்டும். 3ப = 90. ப = 30.

தராசில் ஒரு தட்டில் உள்ள அரிசியைப் பத்து மடங்காக்கிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பருப்பை அப்படியே விட்டால் முள் நிற்குமா? தட்டில் இருப்பது எல்லாமே பத்து மடங்காக வேண்டும்.

நான்காவது பள்ளம்: கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

தகப்பனாரின் வயது மகனின் வயதைப்போல் 4 மடங்கு. 20 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்காக இருக்கும். தகப்பனாரின் இப்போதைய வயது என்ன?

மகன் வயது ‘ப’ என்றால் தகப்பனார் 4ப. 20 ஆண்டு கழித்து இருவருக்கும் 20 கூடும்.

4ப + 20 = 2(ப + 20)

2ப = 20. ப = 10.

பட்டியலில் 10 இருக்கும். கணக்கு முடிந்த மகிழ்ச்சியில் கை அதைத் தொட்டுவிடும். ஆனால் 10 என்பது மகனின் வயது. கேட்டது தகப்பனார் வயது. விடை 40.

மகனுக்கு மட்டும் 20 ஆண்டு கூட்டி, தகப்பனாரை அப்படியே நிறுத்திவிடுவோரும் உண்டு. அவர்களுக்கு 80 என்று வரும். 80-ம் பட்டியலில் இருக்கும்!

நம் இளைஞர் இந்த மாதிரிக் கணக்கில்தான் நான்காவது மார்க்கை இழந்தார். சமன்பாடு சரி. தீர்த்தது சரி. தொட்டது மட்டும் தவறு. தேர்வு வாரியத்தின் கம்ப்யூட்டர், வழிமுறைக்குப் பாதி மார்க் போடும் பழைய பள்ளிக்கூட வாத்தியார் அல்ல.

இதற்கு மருந்து சுலபம். கணக்கு தொடங்குமுன் கேட்டது என்ன என்பதை எழுதும் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்து வட்டம் போட்டுவிட வேண்டும். ‘தகப்பனார்’ என்று எழுதி வைத்திருந்தால் கை 10-ஐத் தொடாது.

ஆங்கில வாக்கியம் செய்யும் குழப்பம்

தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு.

‘ஃபைவ் லெஸ் தேன் திரைஸ் எ நம்பர்’ என்று கேள்வியில் வரும். வார்த்தை வந்த வரிசையிலேயே எழுதினால் 5 − 3ப என்று வரும். அது தவறு. ‘ஓர் எண்ணின் மூன்று மடங்கைவிட 5 குறைவு’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் 3ப − 5 என்று தானாக அமைந்துவிடும். அது 16-க்குச் சமம் என்றால் 3ப = 21, ப = 7.

தமிழில் முதலில் மடங்கு வருகிறது, பிறகு குறைவு வருகிறது. இந்தியிலும் மராத்தியிலும் இதே வரிசைதான். ஆங்கிலத்தில்தான் தலைகீழ். ஆகவே ‘லெஸ் தேன்’, ‘மோர் தேன்’ என்ற சொற்களைக் கண்டால் ஒரு விநாடி நின்று, வீட்டு மொழியில் சொல்லிப் பார்ப்பது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரெயில்வே தேர்வுகள் 15 மொழிகளில் நடத்தப்படுகின்றன. அவற்றில் தமிழும் ஒன்று. ஐயம் வந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்று அறிவிப்பில் சொல்லப்படுகிறது. தமிழைத் தேர்ந்தெடுப்பவர்கள் சமன்பாடு, மாறி, கெழு, வர்க்கம், மடங்கு போன்ற பாடநூல் சொற்களை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் ‘கெழு’ என்ற சொல்லும் ஆங்கிலம் போலத்தான் இருக்கும்.

அடிக்கடி வரும் இரண்டு கணக்குகள்

இரண்டு டீயும் மூன்று வடாபாவும் 65 ரூபாய். மூன்று டீயும் இரண்டு வடாபாவும் 60 ரூபாய். ஒரு டீ, ஒரு வடாபாவ் சேர்ந்து என்ன விலை?

தனித்தனி விலை கண்டுபிடிக்க உட்கார்ந்தால் ஒரு நிமிடம் ஓடிவிடும். இரண்டு பில்லையும் கூட்டினால் ஐந்து டீ, ஐந்து வடாபாவ், 125 ரூபாய். ஐந்தால் வகுத்தால் 25. முடிந்தது. தனி விலை வேண்டுமென்றால் ஒரு பில்லிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். டீயைவிட வடாபாவ் 5 ரூபாய் அதிகம் என்று தெரியும். டீ 10, வடாபாவ் 15.

அடுத்தது: ப + 1/ப = 5 என்றால், ப-வின் வர்க்கத்தையும் 1/ப-வின் வர்க்கத்தையும் கூட்டினால் என்ன?

5-ஐ வர்க்கமாக்கி 25 என்று தொட்டுவிடுவார்கள். 25 பட்டியலில் நிச்சயம் இருக்கும். இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கமாக்குவதும், தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுவதும் ஒன்றல்ல. 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கமாக்கினால் 49. தனித்தனியே செய்தால் 9-ம் 16-ம் சேர்ந்து 25. நடுவில் இரண்டையும் பெருக்கியதன் இரு மடங்கு, அதாவது 24, ஒளிந்திருக்கிறது. நம் கணக்கில் ‘ப’-வையும் 1/ப-வையும் பெருக்கினால் 1. அதன் இரு மடங்கு 2. ஆகவே 25-லிருந்து 2 போய், விடை 23.

பத்து விநாடிக் காவல்

மேலே சொன்ன நான்கு பள்ளங்களுக்கும் ஒரே காவல் இருக்கிறது. வந்த விடையைக் கேள்வியிலேயே திரும்ப வைத்துப் பார்ப்பது.

5ப − 9 = 2ப + 12 என்ற முதல் கணக்கில் 7 என்று வந்தது. இடப் பக்கம் 35 − 9 = 26. வலப் பக்கம் 14 + 12 = 26. தராசு நிற்கிறது. 3 என்று வந்திருந்தால் இடப் பக்கம் 6, வலப் பக்கம் 18. அகப்பட்டுக்கொண்டது திருட்டு!

இதற்குப் பத்து விநாடி போதும். “54 விநாடியில் பத்து விநாடியை வீணாக்குவதா?” என்று கேட்கலாம். ஒரு தவறைப் பிடித்தால் வெட்டப்பட இருந்த 3-ல் ஒரு பங்கும் தப்பும், ஒரு முழு மார்க்கும் சேரும். பத்து விநாடிக்கு 1⅓ மார்க். தேர்வு அறையில் இதைவிட நல்ல கூலி வேறு இல்லை.

சமன்பாடு போடவே தோன்றாத நேரத்தில், பட்டியலில் உள்ள விடையையே கேள்விக்குள் வைத்துப் பார்க்கலாம். மேலே உள்ள அதே கணக்குக்கு 3, 5, 7, 9 என்று விடைகள் இருந்தால் நடுவில் உள்ள 5-ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். இடம் 16, வலம் 22. இடப் பக்கம் 6 குறைவு. ‘ப’ ஒன்று கூடினால் இடப் பக்கம் 5-ம் வலப் பக்கம் 2-ம் ஏறும். வித்தியாசம் 3 குறையும். இரண்டு கூட்டினால் வித்தியாசம் தீர்ந்துவிடும். விடை 7.

ஒன்றுமே தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொடலாமா? நான்கு கேள்விக்கு அப்படித் தொட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. ஒரு மார்க் வரும், ஒரு மார்க் போகும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நேரம்தான் நஷ்டம். ஒரு விடையாவது நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தால் சிறிது லாபம் உண்டு. வயதுக் கணக்கில் 80 வயதுத் தகப்பனாருக்கு 20 வயது மகன் என்று வரும்போது, 20 ஆண்டு கழித்து 100-ம் 40-ம் இரு மடங்கு ஆகாது என்று ஒரே பார்வையில் தள்ளிவிடலாம்.

கையெழுத்தும் கணக்குதான்

தேர்வு அறையில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் தருகிறார்கள். அதில் மூலைக்கு மூலை கிறுக்குகிறவர்கள்தான் அதிகம். ஒரு கணக்கின் 9 அடுத்த கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வரிக்கு ஒரு படி என்று எழுதி, சமக்குறிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் எந்த வரியில் தவறினோம் என்பது பளிச்சென்று தெரியும். மைனஸ் குறியை அழுத்தி, நீளமாகப் போட வேண்டும். தூசி போல் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த வரியில் அது காணாமல் போய்விடும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது நூறு கணக்குப் போட்டேன், இருநூறு கணக்குப் போட்டேன் என்று எண்ணுவதால் பயன் குறைவு. தவறுக்கென்று தனி நோட்டு வைக்க வேண்டும். குறி, அடைப்புக்குறி, பின்னம், கேட்டது வேறு என்று நான்கு பக்கங்கள். எந்தப் பக்கம் சீக்கிரம் நிரம்புகிறதோ அதுதான் அவரவர் பள்ளம். சயான் இளைஞரின் நோட்டில் அடைப்புக்குறிப் பக்கம்தான் முதலில் நிரம்பியது. ஒரு மாதம் அந்த வகைக் கணக்கை மட்டும் போட்டார். இப்போது அந்தப் பக்கத்தில் புதிதாக எழுத ஒன்றும் வருவதில்லை என்கிறார்.

ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கும், ரெயில்வேயில் கீழ்நிலை ஊழியராக இருந்துகொண்டு இலாகா தேர்வு எழுதி மேலே வர நினைப்பவர்களுக்கும் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைப்பது அரிது. இந்தத் திருப்பி வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு மேஜையும் நாற்காலியும் தேவையில்லை. லோக்கல் ரெயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே மனத்துக்குள் செய்யலாம். தினம் ஐந்து கணக்கு போதும்.

சிபாரிசு இல்லாதவர்களின் சிபாரிசு

ஊரை விட்டு வந்து பிழைப்பவனுக்கு இந்த நகரில் சொல்லி வைக்க மாமன் மச்சான் இல்லை. பெரிய மனிதர் கடிதம் இல்லை. போட்டித் தேர்வு ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்த சிபாரிசு. அதை நடத்தும் கம்ப்யூட்டருக்கு அவன் பேசும் மொழி தெரியாது, அவன் குடியிருக்கும் சந்து தெரியாது. சரியா தவறா என்பது மட்டும் தெரியும். அதுவே அதன் நியாயம். அதுவே அதன் கொடுமையும்கூட.

தெரியாத கணக்கில் மார்க் போனால் படித்துக்கொள்ளலாம். தெரிந்த கணக்கில் போவதைத் தடுக்கப் புதிதாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. விடை வந்ததும் பத்து விநாடி நின்று, இரண்டு தட்டும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொட வேண்டும். கடைக்காரர் சரக்கைப் பையில் கொட்டுமுன் தராசு முள்ளைப் பார்ப்பாரே, அதுபோல!